இருபதாவது பிள்ளை

ஜூன் 2, திங்கள்

பள்ளி திறந்தது. இந்த நாட்குறிப்பையும் இன்றே திறக்கிறேன். இலக்கிய ஆசை எதுவும் இல்லை. ஓய்வு பெற இன்னும் இரண்டு ஆண்டுகள் இருக்கின்றன. அதற்குள் யாராவது என் மீது, துறை விசாரணைக்கு இழுக்கும் 17-பி குற்றச்சாட்டு கொடுத்தால், எந்தத் தேதியில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று காட்ட ஆதாரம் வேண்டும். அரசுப் பணியில் செய்ததற்காக மாட்டியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. எழுதி வைக்காததற்காக மாட்டியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆறுச்சாமி ஆகிய நான், நல்லிக்காட்டுப்புதூர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியின் தலைமையாசிரியர். எனக்குக் கீழே எஸ்தர் சுகந்தி என்ற ஒரே ஓர் ஆசிரியை. காலை உணவு சமைப்பது மகளிர் குழுவைச் சேர்ந்த மயிலாத்தாள். எங்கள் மூவருக்கும் மேலே ஓடு.

பிள்ளைகள் பதினாறு பேர். அதில் உள்ளூர்ப் பிள்ளைகள் ஏழு. மற்ற ஒன்பதும் நூற்பாலைக் குடியிருப்பில் இருக்கும் ஒடிசாக் குடும்பங்களின் பிள்ளைகள். ஊர் இவர்களை ‘ஹிந்திக்காரப் பசங்க’ என்கிறது. இவர்களுக்கு ஹிந்தி தெரியாது. ஊருக்கும் தெரியாது. ஆகவே இதில் தகராறு எதுவும் எழவில்லை.

விடுமுறையில் கழிப்பறைக் கதவு விழுந்துவிட்டது. தானாக விழுந்ததா என்று விசாரிக்க வேண்டும்.

ஜூன் 4, புதன்

வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கூட்டம். ஆகஸ்ட் ஒன்றாம் தேதி இருபது பிள்ளைகளுக்குக் குறைவாக இருக்கும் பள்ளிகளைப் பக்கத்துப் பள்ளியோடு இணைத்துவிடுவார்கள் என்று அலுவலர் மேடம் சொன்னார். உத்தரவு எழுத்தில் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். அப்போதே தேதியை உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். எழுத்தில் வந்த உத்தரவுக்குத் திருத்தம் வரும், தடை வரும், விளக்கம் வரும். வாய்மொழியாக வந்தது மட்டும் சொன்ன தேதியில் நடந்துவிடும்.

எங்களுக்குப் பக்கத்துப் பள்ளி என்பது நான்குவழிச் சாலைக்கு அந்தப் பக்கம். மேம்பாலம் இல்லை, சிக்னல் இல்லை. நடுவில் அரளிச்செடி இருக்கிறது. மூன்றாம் வகுப்பு ஜூனு பிரதானின் அம்மா காலை ஆறு மணி ஷிப்டுக்குப் போய்விடுகிறாள். ஜூனுதான் தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கு நடந்து வருகிறாள். எங்கள் பள்ளி மூடினால் அந்த ஒன்பது பேரில் ஒருவரும் சாலையைத் தாண்ட மாட்டார்கள். தாண்டாதே என்றுதான் நானும் சொல்வேன். பிறகு ஜூனு குடியிருப்பில் உட்கார்ந்து தம்பியைப் பார்த்துக்கொள்வாள். நாலு வருடம் கழித்து அவளும் ஆறு மணி ஷிப்டுக்குப் போவாள்.

பள்ளி மானியமும் தலைக்கணக்குப்படிதான். கதவு போட மானியம் போதவில்லை. மானியம் கூடுவதற்குப் பிள்ளைகள் வேண்டும். பிள்ளைகளைச் சேர்க்க வருகிற அம்மாக்கள் முதலில் பார்ப்பது கதவை. இதைக் கூட்டத்தில் சொன்னேன். மேடம் குறித்துக்கொண்டார். அதுவும் கவலையாக இருக்கிறது.

ஜூன் 9, திங்கள்

சேர்க்கைப் பேரணி. ‘அரசுப் பள்ளி நம் பெருமை’ என்ற அட்டையை நானே ஏந்தினேன். முன்னால் தப்பட்டை. பின்னால் பிள்ளைகள்.

ஊரில் தொடக்கப்பள்ளி வயதில் இன்னும் நிறையப் பிள்ளைகள் இருக்கிறார்கள். எல்லோரும் மஞ்சள் வேனில் ஏறி, பதினான்கு கிலோமீட்டர் தள்ளியுள்ள ஆங்கிலப் பள்ளிக்குப் போகிறார்கள். அதன் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் விளம்பரம் ஆகும். வேன் பள்ளி என்று வைத்துக்கொள்கிறேன்.

மேற்கு வீதியில் சம்பூர்ணம் என்ற பெண்மணியிடம் அரசுப் பள்ளியின் சிறப்புகளை எடுத்துச் சொன்னேன். பனியன் கம்பெனிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், டிபன் பாக்ஸை மூடியபடியே கேட்டார்.

“எல்லாம் செரிங்க சார். உங்க பேரன் எங்கீங்க படிக்கிறான்?”

தப்பட்டைக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டார். அவருக்கு ஏன் அந்த இடத்தில் நிறுத்தத் தோன்றியது என்று தெரியவில்லை. கேள்வி பேரணியின் நோக்கத்துக்கு அப்பாற்பட்டது என்பதால் பதில் சொல்லாமல் அடுத்த வீட்டுக்குப் போனேன்.

அடுத்த வீதி எங்கள் வீதி. அந்த வழியே போக வேண்டாம் என்றேன். எஸ்தர் டீச்சர், “ஏன் சார்?” என்று கேட்டார். நாய் இருக்கிறது என்றேன்.

புதுச் சேர்க்கை: இல்லை.

ஜூன் 11, புதன்

குடும்ப விவகாரம், ஆதாரத்துக்குத் தேவையில்லை என்றாலும் எழுதி வைக்கிறேன். பேரன் லக்ஷித் காலையில் வீட்டில் எதுவும் சாப்பிடுவதில்லை. மருமகள் கோகிலா டாக்டரிடம் கூட்டிப்போனாள். ஓட்ஸ் கொடுங்கள் என்றார். அதையும் தொடுவதில்லை. இன்று எடை பார்த்ததில் ஒரு கிலோ கூடியிருக்கிறது. டாக்டருக்கும் புரியவில்லை.

தினமும் எட்டு மணிக்கு அவனுக்கு டை என்கிற கழுத்துப் பட்டையைக் கட்டிவிடுவது நான். வேன் எங்கள் பள்ளி வாசலில்தான் நிற்கும். ஊரில் அந்த வேன் திரும்ப வேறு இடமில்லை. அவன் கிளம்பிய பிறகு நான் பூஜையை முடித்து, ஒன்பது மணிக்குப் பள்ளிக்குப் போவேன்.

ஜூன் 12, வியாழன்

எஸ்தர் டீச்சர் மீது எனக்குச் சில ஐயங்கள்.

அவர் சொந்த ஊர் மார்த்தாண்டம் பக்கம். நான்கு வருடமாக மாறுதலுக்கு விண்ணப்பித்துக்கொண்டிருக்கிறார். பள்ளி இணைந்தால் அவர் உபரி ஆசிரியர் ஆகிவிடுவார். உபரி ஆசிரியரை வேறு இடத்துக்கு அனுப்பித்தான் ஆக வேண்டும். எனவே இந்தப் பள்ளி மூடப்படுவதால் நன்மை அடையக்கூடிய ஒரே நபர் இதே பள்ளிக்குள் இருக்கிறார்.

மேலும், மாலையில் அவர் பேருந்து நிறுத்தத்துக்குப் போவதில்லை. எதிர்த்திசையில், நூற்பாலைப் பக்கம் போகிறார். கையில் பை. இடைவேளையில் வேப்பமரத்தடியில் நின்று போனில் பேசுகிறார். நான் அருகே போனால் குரல் தணிகிறது. தமிழ் அல்ல. மலையாளமாக இருக்க வேண்டும். எல்லை மாவட்டத்துக்காரர், அந்தப் பக்கம் செல்வாக்குள்ள உறவினர்கள் இருக்கலாம்.

ஜூன் 18, புதன்

பின்தொடர்ந்தேன்.

ஆலைக் குடியிருப்பில், தண்ணீர்த் தொட்டி ஓரம், நாலைந்து பெண்கள் நடுவில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். ஒருத்தி அவருக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். எஸ்தர் டீச்சர் எதையோ திரும்பத் திரும்பச் சொல்ல, அவர்கள் ஒவ்வொரு முறையும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தனிப்பயிற்சி வகுப்பு என்று முதலில் நினைத்தேன். ஆனால் தனிப்பயிற்சியில் யாரும் இவ்வளவு சிரிப்பதில்லை.

என்னைப் பார்த்துவிட்டார். “சார், என்ன இந்தப் பக்கம்? டீ குடிக்கேளா?”

கொசு உற்பத்தியைப் பார்வையிட வந்ததாகச் சொன்னேன். தொட்டியை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். நிஜமாகவே கொசு இருந்தது.

ஜூன் 23, திங்கள்

ஒன்பது பேரும் வரவில்லை. இடைவேளையில் ஜூனு மட்டும் தம்பியோடு வந்தாள். புதுப் பாவாடை. ஒன்றாம் வகுப்பிலிருந்து இங்கே படிப்பவள். இந்த ஊர்ப் பிள்ளைகளை விட இந்த ஊர்த் தமிழ் நன்றாகப் பேசுவாள்.

“தேர் நோம்பிக்கு ஊருக்குப் போறமுங்க சார். சாயங்காலம் ரயிலுங்க.”

“எப்ப வருவீங்க?”

“ஆடி பொறந்ததும் வந்தர்றமுங்க.”

போன வருடம் இப்படிப் போன இரண்டு குடும்பங்கள் திரும்பவே இல்லை. ஆடி பிறக்க மூன்றரை வாரம் இருக்கிறது. யாருடைய யோசனையில் எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்பினார்கள் என்று எஸ்தர் டீச்சரிடம் கேட்டேன். “பூரி ஜெகந்நாதர் யோசனை சார்” என்றார். கிண்டலா என்று தெரியவில்லை. முகத்தில் ஒன்றும் காணவில்லை.

ஜூன் 26, வியாழன்

பள்ளியில் இருப்பது ஏழு பிள்ளைகள். நான் ஒன்பது மணிக்கு வரும்போது சமையலறையில் பாத்திரம் காலி. பதினாறு பேருக்குச் சமைத்தது. ஏழு பேர் எப்படிச் சாப்பிட முடியும்? அந்த ஏழு பேரில் ஒருத்தி பல் விழுந்தவள்.

மயிலாத்தாளிடம் கேட்டேன். “புள்ளைக வளர்ற வயசுங்க சார்” என்றாள். என் கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை. பாத்திரத்தைப் பார்த்துச் சொன்னாள்.

ஜூன் 30, திங்கள்

உப்புமா. பாத்திரம் காலி. உப்புமா தீர்ந்துபோவது இயற்கைக்கு விரோதமானது.

ஜூலை 2, புதன்

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பூஜையைச் சுருக்கமாக முடித்துவிட்டு, வண்டியைக் கோயில் பின்னால் நிறுத்தி, பின்வாசல் வழியாக அலுவலக அறைக்குள் போனேன். ஜன்னலை விரல் அகலத்துக்குத் திறந்து வைத்துக்கொண்டேன். மயிலாத்தாள் பொங்கலைக் கிளறிக்கொண்டிருந்தாள். நெய் வாசனை. அரசு கொடுக்கும் அளவுக்கு இவ்வளவு வாசனை வராது என்று குறித்துக்கொண்டேன்.

என் பள்ளிப் பிள்ளைகள் ஏழு பேரும் வந்து உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகு கேட்டுக்குள் நுழைந்தவர்கள் என் பள்ளிப் பிள்ளைகள் அல்லர்.

எட்டுப் பேர். நீலக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை, கழுத்துப் பட்டை. வேன் பள்ளிப் பிள்ளைகள். புத்தகப் பையைச் சுவரோரம் வரிசையாக வைத்தார்கள். ஷூவைக் கழற்றி அதற்குப் பக்கத்தில் வைத்தார்கள். தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்ததும், ஒரே மாதிரி, யாரும் சொல்லாமலே, கழுத்துப் பட்டையைத் தூக்கித் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டார்கள். சாம்பாரில் தோயாமல் இருக்க. இது ஒரு நாளில் வருகிற பழக்கம் அல்ல.

ஒரு சிறுமி, “ஆயா, சாம்பாரு ஓரமா ஊத்துங்க, வெள்ளைச் சட்டை” என்றாள்.

“அதுக்குத்தான் இந்தப் பள்ளிக்கோடத்துல சேருன்னேன். இங்க அழுக்குத் தெரியாத கலரு” என்றாள் மயிலாத்தாள்.

எல்லோரும் சிரித்தார்கள். என் பள்ளிப் பிள்ளைகளும்தான்.

வேன் ஹாரன் இரண்டு முறை அடித்தது. தட்டைக் கழுவினார்கள், கவிழ்த்தார்கள், ஷூ மாட்டினார்கள், ஓடினார்கள். கடைசியாக ஒருவன் மட்டும் பாத்திரத்தடியில் ஒட்டியிருந்ததைக் கரண்டியால் சுரண்டித் தரச் சொல்லி வாங்கி, வாயில் போட்டுக்கொண்டு போனான். போகும்போது கழுத்துப் பட்டையை முன்னால் எடுத்துவிட்டுக்கொண்டான். அதன் முடிச்சு இடப்பக்கம் சாய்ந்திருந்தது. வேறு எந்தப் பிள்ளைக்கும் அப்படிச் சாய்ந்திருக்கவில்லை. எனக்கு நேராகப் போட வராது.

மேற்கொண்டு எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 3, வியாழன்

மயிலாத்தாளை அலுவலக அறைக்கு அழைத்து விசாரித்தேன். மறைக்கவில்லை.

“அதுங்க அம்மாளுக எட்டு மணிக்கெல்லாம் கம்பெனிக்கு ஓடிருவாங்க சார். புள்ளைக வேனுக்காகக் கேட்டுக்குக் கிட்ட நின்னுக்கிட்டு உள்ளயே பாத்துக்கிட்டு இருக்குதுக. நீ எந்தப் பள்ளிக்கோடம்னு கேட்டுட்டுங்களா சோறு போடறது? ஒடிசாப் புள்ளைக ஊருக்குப் போனதுல மிச்சமாவுது. அதுக இருந்தப்ப எங்கூட்டு ரவையில ரெண்டு கை சேத்திப் போட்டனுங்க. நெய்யும் எங்கூட்டுதுதான்.”

இதற்கு விதியில் இடமில்லை என்று விளக்கினேன். தலையாட்டினாள். அம்மா வீட்டிலேயே இருக்கும் பிள்ளை யாராவது அந்தக் கூட்டத்தில் உண்டா என்று கேட்டேன். முந்தானையால் மேசையைத் துடைக்க ஆரம்பித்தாள். மேசை சுத்தமாகத்தான் இருந்தது.

“ஒருத்தன் இருக்கறானுங்க. அவனுக்கு ஊட்டுல ஓட்ஸுங்களாமா.”

“யாரு?”

“கேக்காதீங்க சார்.”

கேட்கவில்லை. பிள்ளைகளை நிறுத்தச் சொல்லி எழுத்தில் உத்தரவு கொடுக்க வேண்டும். பேனாவில் மை இல்லை.

ஜூலை 4, வெள்ளி

வேன் ஓட்டுநர் தனபால் என் பழைய மாணவன். வாசலில் ஏன் இவ்வளவு நேரம் நிற்கிறாய் என்று கேட்டேன். திரும்ப இங்கேதான் இடமிருக்கிறது என்றான். திரும்புவதற்கு இவ்வளவு நேரமா என்றேன். மீசையைத் துடைத்துக்கொண்டான். மீசையில் கேசரி இருந்தது.

பிள்ளைகளை ஏற்றிப்போகிறவன் என்ற முறையில், அரசுப் பள்ளியில் சேர்க்கும்படி பெற்றோரிடம் ஒரு வார்த்தை சொல்லலாமே என்றேன்.

“நாஞ் சொன்னா யாருங்க சார் கேப்பாங்க? அங்க அப்ளிகேசன் குடுத்த அன்னிக்கு விடியறதுக்கு முன்னாடியே வந்து மொத ஆளா நீங்கதான நின்னீங்க. வாத்தியாரே நிக்கறாருன்னுதான் இந்த ஊருல பாதிச் சனம் பொறவால வந்து நின்னுச்சு.”

தனபால் நாலாம் வகுப்பில் இருந்தபோது ‘ஞாபக சக்தி போதாது’ என்று அவன் தேர்ச்சி அட்டையில் எழுதியிருந்தேன். அது திருத்தப்பட வேண்டும்.

ஜூலை 8, செவ்வாய்

சாலைக்கு அந்தப் பக்கத்துத் தலைமையாசிரியர் குப்புராஜ் வந்தார். ஆகஸ்ட் ஒன்றாம் தேதி ஆய்வு முடியும் வரை தன் பள்ளிப் பிள்ளைகள் நாலு பேரை அனுப்பி வைப்பதாகச் சொன்னார். சுற்று வட்டாரத்தில் இது நடக்கிற வழக்கம்தான். ஆய்வு அங்கே என்றால் இங்கிருந்து போவார்கள், இங்கே என்றால் அங்கிருந்து வருவார்கள். தன் பிள்ளைகள் ஆய்வுக்குப் பழகியவர்கள், என்ன கேட்டாலும் பேந்தப் பேந்த விழிக்க மாட்டார்கள் என்று உறுதி கொடுத்தார்.

எங்கள் பள்ளி இணைந்தால் அவர் பள்ளிக்கு ஓர் ஆசிரியர் பணியிடம் கூடும். அப்படிப்பட்டவர் என்னைக் காப்பாற்ற ஏன் முன்வர வேண்டும்? நாலு பேரை அனுப்பிவிட்டு, மேடத்துக்கு ஒரு போன் போட்டால் போதும். பள்ளியும் போகும், நானும் போவேன். வேண்டாம் என்று சொல்லி, டீ கொடுத்து அனுப்பினேன். பிஸ்கட் கொடுக்கவில்லை.

ஜூலை 14, திங்கள்

இன்று மாறுதல் கலந்தாய்வு. எஸ்தர் டீச்சரின் பெயர் பட்டியலில் மேலே இருந்தது. மார்த்தாண்டத்திலிருந்து ஆறு கிலோமீட்டரில் ஒரு காலியிடமும் இருந்தது. நானே அலுவலகத்தில் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

காலை ஒன்பது மணிக்கு அவர் வகுப்பில் நின்று, ஏழு பேருக்கு நிலா வளர்வதையும் தேய்வதையும் ஆரஞ்சுப் பழத்தை வைத்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

கலந்தாய்வுக்குப் போகவில்லையா என்று கேட்டேன்.

“போவல சார்.”

“ஏன் டீச்சர்? நாலு வருஷமாக் கேட்ட இடம்.”

“நானும் போனா பதினாறு பிள்ளைகளுக்கும் நீங்க ஒத்தைக்கு என்ன செய்வியளோ. அடுத்த வருஷம் பாக்கலாம்.”

பிறகு பழத்தை உரித்து ஏழு பேருக்கும் சுளை கொடுத்தார். எனக்கும் ஒன்று வந்தது. இவ்வளவு நல்ல இடத்தை ஒருவர் வேண்டாம் என்று சொல்வதற்குப் பின்னால் என்ன திட்டம் இருக்கும் என்று மாலை வரை யோசித்தேன். கிடைக்கவில்லை. பழம் புளிப்பு.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. யாரும் வரவில்லை.

ஜூலை 18, வெள்ளி

வந்துவிட்டார்கள். காலை வழிபாட்டின் நடுவே ஜூனு முன்னால் வர, பின்னால் ஒன்பதுக்கும் அதிகமான தலைகள். அவள் தன் ஊரிலிருந்து மூன்று புதுப் பிள்ளைகளைக் கூட்டி வந்திருக்கிறாள். சித்தி குடும்பம் ஒன்று, பக்கத்து வீடு ஒன்று; எல்லோரும் இதே ஆலைக்கு.

“எஸ்தர் மிஸ்ஸு தெனம் போன் பண்ணுனாங்க சார்” என்றாள் ஜூனு. “எங்கம்மா இன்னும் ஒரு மாசம் இருக்கலாம்னுச்சு. மிஸ்ஸு எங்க பாசையிலயே திட்டிப் போட்டாங்க.”

எஸ்தர் டீச்சர் புதுப் பிள்ளைகளின் அம்மாக்களிடம் பேச ஆரம்பித்தார். வேப்பமரத்தடியில் நான் கேட்ட அதே மொழி. அந்தப் பெண்கள் ஆலைக் குடியிருப்பில் சிரித்த மாதிரியே விழுந்து விழுந்து சிரித்தார்கள். உச்சரிப்பு அவ்வளவு மோசமாம். ஜூன் 12 குறிப்பில் மலையாளம் என்று எழுதியிருக்கிறேன். நாட்குறிப்பில் அடித்தல் திருத்தல் சந்தேகத்துக்கு இடம் கொடுக்கும் என்பதால் அப்படியே விட்டுவிடுகிறேன்.

மூவரிடமும் சான்று எதுவும் இல்லை. சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்காமல் இருக்கக் கூடாது என்பது விதி. சேர்த்துக்கொண்டேன். பதினாறும் மூன்றும் பத்தொன்பது. இன்னும் ஒன்று.

ஜூலை 22, செவ்வாய்

பத்தொன்பது.

ஜூலை 24, வியாழன்

பத்தொன்பது. அங்கன்வாடியில் ஒரு குழந்தை இருக்கிறது. தூக்கிப் பார்த்தேன். வயது போதாது.

மேடம் போன் செய்தார். எத்தனை என்றார். சொன்னேன். “ஒரு பிள்ளைதானே சார், ஊர்ல இல்லாமலா போயிரும்?” என்றார். அது ஆறுதலா, பொய்ப் பெயர் ஒன்றை எழுதச் சொல்லும் தூண்டுதலா, எழுதுகிறேனா என்று பார்க்கும் சோதனையா என்று குரலை வைத்துச் சொல்ல முடியவில்லை. “ஆமாங்க மேடம்” என்று மூன்றுக்கும் பொருந்துகிற மாதிரி பதில் சொன்னேன்.

சாயங்காலம் ஜூனு என் மேசை ஓரம் வந்து நின்றாள். சாலைக்கு அந்தப் பக்கப் பள்ளியில் ஊஞ்சல் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். “எங்கம்மா அனுப்பாதுங்க” என்றாள். தம்பியின் மூக்கைத் துடைத்துவிட்டுப் போனாள்.

ஜூலை 26, சனி

குடும்ப விவகாரம்.

மகன் ஏற்றுமதி நிறுவனத்தில் சரக்கு அனுப்புகிற வேலையில் இருக்கிறான். சனி ஞாயிறும் வீட்டில் இருப்பதில்லை. எனவே மருமகளிடம்தான் பேச வேண்டும். லக்ஷித்தை வேன் பள்ளியில் போட்டது மருமகள் விருப்பம் என்றுதான் ஊரில் யார் கேட்டாலும் நான் சொல்லி வந்திருக்கிறேன். படித்த பெண், ஆங்கிலத்தில் ஆசை, நான் தலையிடுவதில்லை என்று. எனவே சண்டை வரும் என்று எதிர்பார்த்து, காலையிலிருந்து வாதங்களைத் தயார் செய்தேன். தாய்மொழிக் கல்வி, வேன் புகை, நடைப்பயிற்சி.

கோகிலா துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். முதல் வாதத்தின் பாதியிலேயே நிமிர்ந்தாள்.

“அன்னிக்கே நான் நம்ம பள்ளிக்கோடத்துலயே போடலாம்னு சொன்னேனுங்க மாமா. நீங்கதான், வாத்தியார் பேரன் அங்க படிச்சா ஊரு என்ன பேசும்னீங்க.”

எனக்கு அப்படி நினைவில்லை. அந்த ஆண்டு நான் நாட்குறிப்பு எழுதவில்லை. எனவே இரு தரப்பிலும் ஆதாரம் இல்லை.

“காத்தால அவன் எங்க சாப்பிடறான்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?” என்றாள். “சட்டையில தெனம் ஒரு வாசனை வருது. புதங்கெழமை நெய்.”

இந்த வீட்டில் எனக்குத் தெரியாமல் விசாரணை நடந்து முடிந்திருக்கிறது.

விண்ணப்பத்தைக் கொடுத்து, அம்மா கையெழுத்துப் போடலாம் என்றேன்.

“நீங்களே போடுங்க மாமா. அங்க சேத்துனப்பவும் நீங்கதானுங்களே போட்டீங்க.”

ஜூலை 28, திங்கள்

சேர்க்கை ஒன்று. மாணவன் பெயர் லக்ஷித். இரண்டாம் வகுப்பு. பாதுகாவலர் கையொப்பம்: ஆறுச்சாமி. சேர்த்துக்கொண்ட தலைமையாசிரியர் கையொப்பம்: ஆறுச்சாமி. இரண்டும் ஒரே கை, ஒரே பேனா. இப்படி ஒரு படிவம் வேறு பள்ளியிலிருந்து என் முன்னால் வந்திருந்தால் உடனே திருப்பி அனுப்பியிருப்பேன்.

பையன் எங்கே உட்கார வேண்டும் என்று கேட்கவில்லை. நேராக ஜூனுவின் தம்பி பக்கத்தில் போய் உட்கார்ந்தான். ஏற்கெனவே பழக்கம்.

எட்டே முக்காலுக்கு வேன் ஹாரன் அடித்தபோது மட்டும் பாதி எழுந்தான். பிறகு ஞாபகம் வந்து உட்கார்ந்துவிட்டான்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

மேடம் முன்னறிவிப்பு இல்லாமல் எட்டரைக்கே வந்துவிட்டார். நான் எட்டு மணிக்கே வந்திருந்தேன். இப்போதெல்லாம் நான் எட்டு மணிக்குத்தான் வருகிறேன்.

வேன் பள்ளிப் பிள்ளைகள் ஏழு பேரும் அப்போதுதான் தட்டைக் கவிழ்த்துவிட்டு ஷூ மாட்டிக்கொண்டிருந்தார்கள். மேடம் அவர்களைப் பார்த்தார். அவர்களும் மேடத்தைப் பார்த்து, தங்கள் பள்ளி வழக்கப்படி, ஒரே குரலில் ஆங்கிலத்தில் காலை வணக்கம் சொல்லிவிட்டு வேனுக்கு ஓடினார்கள். மயிலாத்தாள் கரண்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். எதற்கு என்று அவளுக்கே தெரியாது.

மேடம் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி எண்ணினார். இருபது. மறுபடி எண்ணினார். இருபது. லக்ஷித்தின் தண்ணீர்ப் பாட்டிலில் வேன் பள்ளியின் பெயர் இருந்தது. அதை எடுத்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் மூக்கையும் அவன் மூக்கையும் பார்த்தார்.

“உங்க பேரனா சார்?”

“ஆமாங்க மேடம்.”

“ஆகஸ்ட் ஒண்ணு வரைக்குமா, அதுக்கப்புறமுமா?”

முப்பத்து நான்கு ஆண்டுகளில் இத்தனை பேரிடம் இத்தனை கேள்வி கேட்டிருக்கிறேன். கேட்கப்படுகிற இடத்தில் நிற்கும்போது, உண்மையைச் சொல்கிறவனுக்கும் நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்று இன்றுதான் தெரிந்துகொண்டேன். மேடம் எனக்காகக் காத்திருக்காமல் குனிந்து அவனிடமே கேட்டார்.

“தம்பி, நீ நெசமா இந்த ஸ்கூல்தானா?”

“ஆமாங்க மிஸ்.”

“எத்தனை நாளா?”

லக்ஷித் யோசித்தான். நேர்மையான பிள்ளை, வளர்த்தது யார் என்று தெரியவில்லை.

“முன்னாடி இங்க சாப்பிட்டுட்டு அங்க போயிருவேனுங்க. இப்ப சாப்பிட்டுட்டு இங்கயே இருந்துக்கறேன்.”

வேன் கிளம்பும் சத்தம் கேட்டது. ஜன்னலோரம் ஏழு முகங்கள். மேடம் வேனைப் பார்த்தார், சமையலறையைப் பார்த்தார், கழுவிக் கவிழ்த்த தட்டுகளைப் பார்த்தார். அவர் உதடு அசைந்தது. எண்ணுகிறார் என்று எனக்குத் தெரிந்தது.

“தெனமும் எவ்வளவு மிச்சமாகுது?” என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் எஸ்தர் டீச்சர் சொன்னார்: “ஒண்ணும் வீணாவாது மேடம்.”

மேடம் பேனாவை எடுத்தார். இருபது என்று எழுதினார். வேறு எதுவும் எழுதவில்லை. கிளம்பும்போது கழிப்பறை வாசலில் எஸ்தர் டீச்சர் கட்டியிருந்த பழைய புடவையை நகர்த்திப் பார்த்துவிட்டு, கதவு என்று மட்டும் சொன்னார். பிறகு வண்டியில் ஏறினார்.

பள்ளி இருக்கிறது. ஜூனுவிடம் சொன்னேன். “செரிங்க சார்” என்று சொல்லிவிட்டு, தம்பியை வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவளுக்கு இது முன்பே தெரிந்திருக்குமோ என்று ஓர் ஐயம்.

மேடம் ஏன் மற்றதை எழுதவில்லை என்பது இன்னும் விளங்கவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

கதவு குறித்து மூன்றாவது கடிதம் அனுப்பினேன்.

மாலை சம்பூர்ணம் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். வேன் பள்ளி எழுவரில் ஒருத்தி அவர் மகள். சாம்பாரை ஓரமாக ஊற்றச் சொன்னவள். சேர்க்கைக்கா என்று கேட்டேன். இல்லை, சும்மா பார்க்க வந்தேன் என்றார். சும்மா பார்க்க வந்தவர் வகுப்பறை ஜன்னல் வழியாக லக்ஷித்தை வெகுநேரம் பார்த்தார். கழிப்பறைப் பக்கம் போய்ப் புடவையையும் பார்த்தார்.

“கதவு போட்டதும் சொல்லியனுப்புங்க சார்” என்றார்.

பேரணியில் கேட்ட கேள்வியை இம்முறை கேட்கவில்லை. நான் பதிலோடு தயாராக இருந்தேன்.

ஆகஸ்ட் 6, புதன்

பேரன் இன்று ஏழரை மணிக்கே குளித்து, பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று என்னை அவசரப்படுத்தினான். பொங்கலில் இன்று முந்திரி போடப்போகிறார்களாம். அரசு முந்திரி கொடுப்பதில்லை. முந்திரி யார் வீட்டிலிருந்து வருகிறது, அது இவனுக்கு எப்படி முந்தைய நாளே தெரிந்தது என்று விசாரிக்க வேண்டும். சமையலறையில் எங்கள் வீட்டு டப்பா போல ஒன்று இருந்தது. ஆனால் அப்படிப்பட்ட டப்பாக்கள் எல்லோர் வீட்டிலும் இருக்கின்றன.